கருவியும் காவலும்

ஞாயிற்றின்கண் ஐதரசன் அணுக்கருக்கள் இணைந்து வெம்மை பிறப்பிக்கின்றன. அவ்விணைவை மண்ணில் நிகழ்த்த முனைவோர், பத்துக்கோடிப் பாகை வெம்மையேறிய பிளாஸ்மாவை எப்பாத்திரத்தில் ஏந்துவர்? காந்தப்புலமே அதற்குப் பாத்திரம். அவ்வெம்மையை வியப்போர் பலர். அதனைத் தாங்கும் தண்மையும், அத்தண்மையைக் காக்கும் விழிப்புமே பெரிதும் வியக்கத்தக்கன என்பது நம் கருத்து.

குசராத்தின் காந்திநகரை அடுத்துள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையத்தில் எஸ்.எஸ்.டி.-1 என்னும் டோக்கமாக் பொறி உளது. பிளாஸ்மாவைச் சூழும் அதன் 16 பெருஞ்சுருள்களை ஈலியத்தினாற் பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 268 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்தால், அவை மின்தடை முற்றும் நீங்கி மீகடத்திகளாகின்றன. ஓரிடத்திற் சிறிது வெம்மை ஏறினும் ஆங்குத் தடை பிறக்கும். தடை வெம்மையை வளர்க்கும். சுருளிற் சேமித்த ஆற்றல் அவ்விடத்தையே எரித்துவிடும். ஆதலின் காவற்கருவிகள் சுருள்களின் மின்னழுத்தத்தை இடையறாது நோக்கி, ஐயம் தோன்றியவுடன் மின்னோட்டத்தைப் புறத்தேயுள்ள தடைகளுக்குத் திருப்புகின்றன.

இப்பொறியை முதலிற் கோத்தபோது குளிர்நிலையிற் கசிவுகள் தோன்றின. 2009 முதல் அதனைச் செப்பனிட்டோர், 16 சுருள்களையும் குளிர்வித்து 10,000 அம்பியர் மின்னோட்டம் செலுத்திச் சோதித்த பின்னரே மீளக் கோத்தனர். 2013இல் அதனுள் பிளாஸ்மா தோன்றியது. தென்பிரான்சிற் கட்டப்பட்டுவரும் ஈட்டர் பொறியிலும், சுருள்களைப் புறவெம்மையினின்று காக்கும் தடுப்புகளின் குளிர்குழாய்களில் வெடிப்புகள் காணப்பட்டன. ஆழம் 2.2 மில்லிமீற்றர் வரையே. எனினும் அதனை மறையாது உலகறிய உரைத்துத் திருத்தப் புகுந்தனர்.

இவ்விழிப்பு வல்வெட்டித்துறைக்குப் புதிதன்று. 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்த 'அன்னபூரணி' இங்குக் கட்டிய பாய்க்கப்பலன்றோ? பலகைப் பொருத்துகளை நாடோறும் நோக்காதவன் கடலோடியாகான்.

ஆயின் விழாக்காலங்களில் நாம் செய்வதென்ன? புதுக் கருவிக்குப் பொருளீந்து பெயர் பொறிக்கின்றோம். அதனைப் பேணுதற்கு ஒன்றும் வைப்பதில்லை. பாடநூலோடு ஒத்த அளவை எழுதும் மாணவன் புள்ளி பெறுகின்றான். கருவி பழுதென்பவன் ஏச்சுப் பெறுகின்றான். வறிய ஆய்வுகூடத்துக்கு முதலிற் கருவி வேண்டும், பேணல் பின்னர் ஆகுக என்பாரும் உளர். உடைந்ததற்கு ஈடாக வேறொன்று வாங்கச் செல்வரால் இயலும். வறியோர்க்கன்றோ பேணல் இன்றியமையாதது?

எனவே, யூபிலி நிதியிற் பத்திலொரு பங்கைக் கருவிகளைப் பேணுதற்கென ஒதுக்குவோமாக. ஆய்வுகூடந்தோறும் பழுதுப் பதிவேடு வைப்போமாக. பழுதை முதலிற் கண்டு அஞ்சாது உரைத்த மாணவனைப் பரிசளிப்பு மேடையில் ஏற்றுவோமாக.