பால் அட்டைப்பெட்டியில் விழுந்த காசு!



அக்டோபர் 31ம் தேதி மாலை, அமெரிக்காவின் பல தெருக்களில் குட்டிப் பேய்களும், சூனியக்காரிகளும், எலும்புக்கூடுகளும் கூட்டமாக நடந்து வரும். பயந்து விடாதீர்கள், எல்லாம் உங்களைப் போன்ற வாண்டுகள் தான்! வீடு வீடாகக் கதவைத் தட்டி, 'மிட்டாய் தர்றீங்களா... இல்ல, குறும்பு செய்யட்டுமா?' என்று மிரட்டுவர். வீட்டுக்காரரும் பயந்தது போல நடித்து, பை நிறைய மிட்டாய் தருவார். இது தான் ஹாலோவீன்!

இந்தப் பெயருக்கு, 'புனிதர் நாளுக்கு முந்தைய மாலை' என்று பொருள். நவம்பர் 1, கிறிஸ்தவர்கள் எல்லாப் புனிதர்களையும் நினைவுகூரும் நாள். மறுநாள் 2ம் தேதி, நம் ஊரில் கல்லறைகளுக்குப் பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவார்களே, அந்தக் கல்லறைத் திருநாள்.

ஆனாலும், சில கிறிஸ்தவ வீடுகளில் ஹாலோவீன் பிடிப்பதில்லை. 'கடவுளை நம்புகிற வீட்டில் பேய் வேஷம் எதற்கு?' என்பது அவர்கள் கேள்வி. சிலர் குழந்தைகளுக்குப் புனிதர்களைப் போல் வேஷம் போட்டு விடுகின்றனர். 'சின்னப் பிள்ளைகளின் வேடிக்கை தானே!' என்று சிரித்தபடி அனுப்பி வைப்பவர்களும் உண்டு. இதில் யார் சரி, யார் தவறு என்று சண்டை போட்டால் விடியவே விடியாது.

பிலடெல்பியா நகரில் ஒரு போதகரின் குடும்பம் என்ன செய்தது தெரியுமா?

பிரஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்த அவர் பெயர், கிளைட் அல்லிசன். மனைவி, மேரி எம்மா. இரண்டாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகளே ஆன காலம் அது. குடிக்கப் பால் கூட இல்லாமல் எத்தனையோ நாட்டுக் குழந்தைகள் வாடினர். அவர்களுக்குப் பால் பவுடர் அனுப்ப, 'யுனிசெஃப்' அமைப்பு நிதி திரட்டி வந்தது. இதை அறிந்த மேரி எம்மாவுக்கு ஒரு யோசனை தோன்றியது.

1950ம் ஆண்டு ஹாலோவீன் அன்று, அவர்களுடைய மூன்று குழந்தைகளும் வழக்கம் போலவே வேஷம் போட்டு, கதவுகளைத் தட்டினர். ஆனால், கையில் இருந்தது காலியான பால் அட்டைப்பெட்டி. கேட்டது, பசித்த குழந்தைகளுக்காகக் காசு! அன்று சேர்ந்தது, 17 டாலர்.

அந்த 17 டாலர் அதோடு நிற்கவில்லை. மற்ற ஊர்ப் பிள்ளைகளும் பெட்டியோடு கிளம்பினர். 1967ல், அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன், அக்டோபர் 31ஐ 'யுனிசெஃப் தினம்' என்று அறிவித்தார். இதுவரை பிள்ளைகளின் கையால் சேர்ந்த தொகை, 17 கோடி டாலருக்கும் மேல்!

கவனித்தீர்களா குட்டீஸ்... அந்த அம்மா, பிள்ளைகளின் வேஷத்தைக் கலைக்கவில்லை, விளையாட்டையும் தடுக்கவில்லை. கதவைத் தட்டியதும் என்ன கேட்பது என்பதை மட்டும் மாற்றினார். முகம் தெரியாத ஒரு குழந்தைக்குப் பால் கிடைத்தது.

தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் என்று நமக்கும் வரிசையாகப் பண்டிகைகள் வரும். புத்தாடையும் பலகாரமும் இல்லாத பிள்ளை ஒன்று உங்கள் தெருவிலேயே இருக்கலாம். இந்த முறை, அப்பா, அம்மாவிடம் சொல்லி, அந்த வீட்டுக் கதவையும் ஒருமுறை தட்டிப் பாருங்களேன்... வாங்குவதற்கு அல்ல; கொடுப்பதற்கு!

அன்புடன்,
ஆசிரியர்.