வசைமொழி வாதமாகாது!

வாட்ஸ்அப் குழுக்களிலும் பேஸ்புக் பக்கங்களிலும் இன்று நடைபெறும் விவாதங்களைக் கண்டு ஜனநாயக இயக்கத்தில் அக்கறையுள்ள எவரும் கவலைப்படாமல் இருக்க முடியாது. கொள்கை பற்றிக் கேள்வி கேட்டால் தாயைப் பழித்துப் பதில் வருகிறது. கூலி உயர்வு பற்றி எழுதினால், எழுதியவரின் சாதியைக் கிண்டுகிறார்கள். பெண் ஒருவர் அபிப்பிராயம் சொன்னால், அபிப்பிராயத்தை விட்டுவிட்டு அவரது நடத்தையை விசாரிக்கக் கிளம்பிவிடுகிறது ஒரு கூட்டம்.

பிற்போக்காளர்கள் இதைச் செய்வதில் ஆச்சரியமில்லை. நம்முடைய தொழிற்சங்கக் குழுக்களிலும் இந்த நோய் தொற்றி வருகிறதே, அதைத்தான் ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

“மரியாதையும் நாசூக்கும் மேட்டுக்குடியினர் சரக்கு, போராளிக்கு எதற்கு?” என்று சில இளம் தோழர்கள் கேட்கிறார்கள். வசையால் யாருக்கு லாபம் என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். 2017ஆம் ஆண்டில் பேஸ்புக் நிறுவனம் கோபக் குறி உள்ளிட்ட உணர்ச்சிக் குறிகளுக்குச் சாதாரண ‘லைக்’கைப்போல் ஐந்து மடங்கு மதிப்பளித்தது. சண்டையை மூட்டும் பதிவுகள் அதிகம் பேர் கண்ணில் பட்டன. 2021இல் வெளியான அந்நிறுவனத்தின் உள் ஆவணங்களே இதை அம்பலப்படுத்தின. கோபக் குறியின் மதிப்பைப் பின்னர் குறைத்தார்கள்; ஆனால் நாம் திரையை விட்டு நகராதிருந்தால்தான் விளம்பரக் காசு என்ற கணக்கு மாறவில்லை. இரு தொழிலாளர்கள் விடிய விடிய ஒருவரையொருவர் ஏசிக்கொண்டால், கல்லாப் பெட்டி நிரம்புவது முதலாளிக்கே!

ஏச்சோடு விஷயம் நின்றுவிடுவதில்லை. 2018 மே மாதத்தில், பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வம் கும்பிட வந்த முதிய பெண்மணி ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். அவர் செய்த குற்றம், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான்! 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகச் சம்பந்தமற்ற வீடியோக்களைப் பரப்பினார்கள். அது பொய் என்று காவல்துறை அறிவித்தது. பீகார் அரசும் அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரித்தது. அதற்குள் ஏழைத் தொழிலாளர் பலர் பீதியடைந்து ஊருக்கு ரயிலேறிவிட்டார்கள். தமிழ்த் தொழிலாளியையும் பீகார்த் தொழிலாளியையும் மோதவிட நினைப்பவர்களுக்கு, சரிபாராமல் பொத்தானை அமுக்கும் விரலைவிட வேறென்ன ஆயுதம் வேண்டும்?

“கடும் சட்டம் போடலாமே” என்பார்கள் சிலர். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை நாடு மறந்துவிடவில்லை. 2012இல் மும்பை கடையடைப்பைப் பற்றிப் பேஸ்புக்கில் எழுதியதற்காக ஓர் இளம்பெண்ணையும், அதற்கு ‘லைக்’ போட்டதற்காக இன்னொரு பெண்ணையும் கைது செய்தார்கள். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அப்பிரிவை ரத்து செய்தது. மிரட்டலையும் சாதி வெறியையும் பரப்புவோர் மீது இருக்கும் சட்டங்கள் பாயட்டும். ஆனால் நாவடக்கத்தைப் போலீசாரிடம் ஒப்படைத்தால், முதலில் அடைபடுவது எளியவர் வாய்தான். ஆகவே கட்டுப்பாடு நம்மிடமிருந்தே பிறக்க வேண்டும்.

கண்ணியம் என்றால் வழவழாப் பேச்சல்ல. தோழர் ஜீவா 1952 முதல் 1957 வரை சட்டமன்றத்தில் காங்கிரஸ் ஆட்சியை எதிர்த்து முழங்கினார். ஆயினும் அவருக்கும் காமராஜருக்கும் இருந்த நட்பை நாடறியும். கொள்கையைத் தாக்குவதில் தயவு தாட்சண்யம் வேண்டாம். மனிதரை இழிவுபடுத்துவது நம் மரபல்ல.

தோழர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: ஆலை வாயில் கூட்டத்தில் முகத்துக்கு நேரே சொல்லத் துணியாததைக் கைப்பேசியில் எழுதாதீர்கள். முழுவதும் படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத செய்தியைப் பிறருக்குத் தள்ளாதீர்கள். தவறான செய்தியை அனுப்பிவிட்டால், அதே குழுவில் திருத்தத்தையும் போடுங்கள். ஒருவரைக் கேட்காமல் அவரது எண்ணையோ படத்தையோ பொதுவில் வைக்காதீர்கள். பெண் தோழர் அவமதிக்கப்படும்போது அக்குழுவிலுள்ள ஆண்கள் வாய்மூடி இருப்பது நடுநிலையல்ல, உடந்தை!

புதிதாகச் சங்கத்துக்கு வந்த தொழிலாளி, தயங்கித் தயங்கி ஒரு சந்தேகம் கேட்கிறான். ‘முட்டாள்’ என்று நாம் எழுதும் ஒரு சொல் அவனை என்றென்றைக்கும் வெளியேற்றிவிடும். பொறுமையாக எழுதும் நான்கு வரி அவனை நாளைய ஊழியனாக்கும். வசைபாடி எந்த உழைப்பாளியையும் யாரும் வென்றெடுத்ததில்லை.

வாதத்தால் வெல்வோம்! ஐக்கியத்தைக் காப்போம்!