அழைப்பிதழ் ஒரு கையில், விசா மறுப்பு மறு கையில்

பன்னாட்டு எய்ட்ஸ் மாநாடுகள் 'பாதிக்கப்பட்ட சமூகங்களின் பங்கேற்பு' என்ற தொடரைச் சொல்லத் தவறுவதில்லை. அப்பங்கேற்பைத் தீர்மானிப்பது ஆய்வுக் கட்டுரைகளைத் தேரும் அறிஞர் குழு அன்று. தூதரகத்தின் விசா அதிகாரி.

எச்.ஐ.வி. தொற்றுள்ளோர் தன் நாட்டுக்குள் நுழைய 1987-இல் அமெரிக்கா தடை விதித்தது. அதனால் 1990-இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டைப் பல அமைப்புகள் புறக்கணித்தன. 1992-இல் பாஸ்டனில் நடக்கவிருந்த மாநாடு ஆம்ஸ்டர்டாமுக்கு மாறியது. தடை 2010-இல் நீங்கிய பின்னரே, 2012-இல் வாஷிங்டனில் மாநாடு கூடியது. அப்போதும் கதவு பாதிதான் திறந்தது. முந்தைய பத்தாண்டுகளுக்குள் பாலியல் தொழிலில் ஈடுபட்டோருக்கு விசா மறுக்கும் சட்டம் நீடித்தது. எனவே பாலியல் தொழிலாளர்கள் அதே வாரத்தில் கொல்கத்தாவில் தங்கள் மாநாட்டைக் கூட்டினர்.

2022-இல் மாண்ட்ரியால் மாநாட்டுக்குச் செல்லவிருந்த ஆப்பிரிக்க, ஆசியப் பேராளர்கள் பலருக்கு விசா மறுக்கப்பட்டது. பலருக்கு உரிய காலத்தில் பதிலே வரவில்லை. நிலையான வேலை, வங்கி இருப்பு, சொத்து ஆகியவையே விண்ணப்பதாரர் நாடு திரும்புவார் என்பதற்குச் சான்றாகக் கேட்கப்படுகின்றன. நோயும் அதன் மீதான இழிவும் ஒருவரிடமிருந்து முதலில் பறிப்பவையும் அவையே.

விசா அரசின் அதிகாரம், தங்களுடையதன்று என்பது அமைப்பாளர்களின் வழக்கமான விடை. ஆனால் இடத்தைத் தேர்வது அரசு அன்று, அவர்களே. இடத்தை மாற்ற முடியும் என்பதை ஆம்ஸ்டர்டாம் அன்றே மெய்ப்பித்தது. நுழைவுக்கு எழுத்துவழி உறுதி தராத நாட்டில் மாநாடு கூட்டலாகாது. கூட்டினால், 'பங்கேற்பு' என்ற சொல்லையாவது அழைப்பிதழிலிருந்து நீக்கிவிட வேண்டும்.