பக்கவாத நோயாளிகளின் கைக்குப் பயிற்சி தரும் ரோபோ: விலை குறைந்தால் மட்டும் போதுமா?

பக்கவாதத்திலிருந்து உயிர் பிழைத்தவர்களில் பலருக்கு நடை திரும்பிய பின்னரும் கையின் செயல்திறன் முழுமையாகத் திரும்புவதில்லை. சட்டைப் பொத்தானைப் போடவும், சோற்றைப் பிசைந்து உண்ணவும் பிறர் உதவியை எதிர்பார்க்கும் நிலை சிலருக்கு ஆயுள் முழுவதும் நீடிக்கிறது.

இழந்த இயக்கத்தை மூளை மீண்டும் கற்றுக்கொள்ள, ஒரே அசைவைப் பல நூறு முறை செய்து பழக வேண்டும். கூட்டம் நிறைந்த மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சையாளர் ஒரு நோயாளிக்கு அவ்வளவு நேரம் ஒதுக்க இயலாது. இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சியே விளையாட்டு வழி ரோபோ சிகிச்சை.

சென்னை ஐஐடியும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் இணைந்து உருவாக்கிய 'புளூட்டோ' இதற்கு உள்நாட்டு எடுத்துக்காட்டு. மேசை மீது வைக்கத்தக்க இக்கருவியில் இருப்பது ஒரே மோட்டார். அதில் பொருத்தும் பாகங்களை மாற்றி, மணிக்கட்டை மடக்குதல், முன்கையைத் திருப்புதல், விரல்களை விரித்து மூடுதல் ஆகிய பயிற்சிகளை மேற்கொள்ளலாம். பல மோட்டார்கள் கொண்ட கருவிகளைவிடச் செலவு குறைய இந்த எளிமையே காரணம். நோயாளியின் கை அசைவே திரையில் உள்ள விளையாட்டை இயக்குகிறது. கை தயங்கும்போது மோட்டார் துணை செய்கிறது.

எனினும், ரோபோ என்பதாலேயே பலன் கூடிவிடுவதில்லை. பிரிட்டனில் 770 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு, 2019-இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினருக்கு வாரம் மூன்று முறை, தலா 45 நிமிடங்கள் வீதம் 12 வாரங்கள் ரோபோ பயிற்சி அளிக்கப்பட்டது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்களது கையின் செயல்திறன் மேம்பட்டதாக நிறுவப்படவில்லை.

ஆகவே, சிகிச்சையாளருக்கு மாற்றாக ரோபோவை முன்னிறுத்துவதற்கு வலுவான அடிப்படை இல்லை. ஒரே சிகிச்சையாளர் ஒரு நேரத்தில் பலரைக் கண்காணிக்கவும், நோயாளி வீட்டிலிருந்தே சலிப்பின்றிப் பயிற்சியைத் தொடரவும் வழி செய்யும்போதுதான் அதற்குப் பயன். அதற்குக் கருவி மலிவாக இருப்பது முதல் தேவை.

அடுத்த கேள்வி, அந்தச் செலவை யார் ஏற்பது என்பது. 2018-இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை மருத்துவக் காப்பீடு வழங்குகிறது. ஆனால் அது முதன்மையாக உள்நோயாளி சிகிச்சைக்கானது. வீடு திரும்பிய பின் 15 நாள்கள் வரையிலான செலவையே ஏற்கிறது. கையின் மீட்சிக்கோ மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். அதற்கான கட்டணம், போக்குவரத்துச் செலவு, உடன் செல்பவரின் இழந்த கூலி ஆகிய அனைத்தும் குடும்பத்தின் மீதே விழுகின்றன.

மாவட்ட மருத்துவமனைகளில் இத்தகைய கருவிகளை நிறுவுதல், வீடுகளுக்கு வாடகைக்கு வழங்குதல், புறநோயாளிகளின் மறுவாழ்வுப் பயிற்சியைக் காப்பீட்டு வரம்புக்குள் கொண்டுவருதல் ஆகியவை அரசுகள் பரிசீலிக்கத்தக்க வழிகள். பக்கவாத நோயாளியின் உயிரைக் காக்கும் செலவை ஏற்கும் அரசு, அவர் மீண்டும் தம் கையால் உண்பதற்கான பயிற்சியையும் சிகிச்சையின் பகுதியாகக் கருதினால்தான் உள்நாட்டுக் கண்டுபிடிப்பின் பயன் ஏழைகளைச் சென்றடையும்.