பால்மாவுக்கு விலைபோகாத அழைப்பு

ஒருவர் கிறிஸ்தவராகிவிட்டார் என்ற செய்தி கல்முனைச் சந்தையில் பரவினால், அடுத்துக் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "எவ்வளவு கொடுத்தார்களாம்?" பால்மா, கூரைத் தகரம், வெளிநாட்டு வீசா, பிள்ளைக்குப் பாடசாலை அனுமதி என்று விடைகளும் ஆயத்தமாகவே இருக்கும். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் உழன்றவன் என்ற முறையில், இக்கேள்வியை எங்களூர்த் தேநீர்க் கடைகளிலும், பாண்டிருப்பின் கோயில் வீதியிலும், கொழும்பின் ஆசிரியபீடங்களிலும் ஒரே தொனியில் கேட்டிருக்கின்றேன். ஏனைய விடயங்களில் ஒன்றுபட மறுக்கும் கிழக்கின் சமூகங்கள் இந்த ஒரு கேள்வியில் மட்டும் ஒன்றுபடுவது வேடிக்கைதான்.

நான் கிறிஸ்தவன் அல்லன். கல்முனைக்குடியில் பிறந்து, கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றத்துக்கு வாப்பாவின் தோளில் அமர்ந்து சென்ற முஸ்லிம். என் மார்க்கத்தில் எனக்கு எவ்விதக் குறைவும் இல்லை. அப்படியிருந்தும் இக்கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடல் கூசுகிறது. பணக்காரர் ஒருவர் மூன்றாம் முறை ஹஜ்ஜுக்குப் புறப்பட்டால் அது ஈமான். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வேதாந்தத்தில் இறங்கினால் அது தேடல். கூலிக்கு வலை இழுக்கும் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை செபவீட்டுக்குப் போனால் மட்டும் அது வியாபாரம்! ஏழைக்கு வயிறு உண்டு, ஆன்மா இல்லை என்பதல்லவா இதன் பொருள்?

சுனாமியை உதாரணம் காட்டுவார்கள். காட்டட்டும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கடலோரமே சவக்காடானது. அதன்பின் வந்த உதவிகளுள் சில, அரிசி மூட்டையுடன் துண்டுப் பிரசுரத்தையும் சேர்த்தே கொடுத்தன. பிணம் எடுக்காத வீட்டில் போய்ப் பிரசங்கம் செய்வது மானக்கேடு. அதனை அன்றும் கண்டித்தேன், இன்றும் கண்டிக்கின்றேன். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். மனிதர்கள் அரிசிக்கும் தகரத்துக்கும் விலைபோகிறவர்கள் என்றால், எல்லாவற்றையும் இழந்து நடுத்தெருவில் நின்ற அந்தக் காலத்தில் இந்தக் கரை முழுவதும் அல்லவா மாறியிருக்க வேண்டும்? மருதமுனையும் சாய்ந்தமருதும் நிந்தவூரும் இன்றும் பாங்கொலி கேட்டு எழும் ஊர்களே. காரைதீவில் கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்தி நின்றுவிடவில்லை. உதவியை வாங்கியவர்கள் உதவியை மட்டுமே வாங்கினார்கள். அவர்களை விலைப்பொருளாக எண்ணியவர்கள் இரு தரப்பினர்: துண்டுப் பிரசுரம் கொடுத்தவரும், அதைக் கண்டு அலறியவரும்.

இன்னும் பின்னோக்கிச் செல்லலாம். 1814இல் வெஸ்லியன் சபையின் முதற் குழு இலங்கையில் கரையிறங்கியது. குழுவை வழிநடத்திய தோமஸ் கோக் கடற்பயணத்திலேயே இறந்துவிட்டார். குழுவிலிருந்த வில்லியம் ஓல்ட் தம் மனைவியைக் கடலில் பறிகொடுத்த துயரோடு மட்டக்களப்புக்குத் தனியாக வந்து, தமிழ் கற்று, பாடசாலைகளைத் தொடங்கி, 1815 ஏப்ரலில் காய்ச்சலுற்ற உடலோடு மாண்டுபோனார். முழுமையாக ஓர் ஆண்டுகூட அவர் இங்கு வாழவில்லை. மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி அந்தச் சில மாதங்களின் விளைவு. அதே சபை 1883இல் கல்முனையில் தொடங்கிய பாடசாலைதான் இன்றைய உவெஸ்லி. என் வாப்பா அங்கு படித்தார். படித்துவிட்டு வந்து ஐந்து வேளையும் தொழுதார்.

வாப்பாவை விடுங்கள். காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனன் என்ற பிள்ளை கல்முனையில் அந்த மெதடிஸ்தப் பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்பில் கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தார். அந்தக் கல்லூரியிலேயே ஆசிரியராகவும் இருந்தார். வேதாகமப் பாடமும் பாதிரிமாரின் அன்பும் அவரை இளமை முழுவதும் சூழ்ந்திருந்தன. அவர் என்ன ஆனார்? 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து, 1924இல் காவி உடுத்தி, சுவாமி விபுலாநந்தர் ஆனார். 'யாழ் நூல்' தந்த அம்மகானை இந்துக்கள் துறவி என்று போற்றுகிறார்கள். நாங்கள் முஸ்லிம்களும் எங்கள் மண்ணின் மைந்தர் என்று பெருமை பேசுகிறோம். அவருக்கு இராமகிருஷ்ண மடம் எவ்வளவு கொடுத்தது என்று யாராவது கேட்டதுண்டா? கேட்டால் செருப்படி விழும். விழவும் வேண்டும். ஓர் உயிர் தன்னுள்ளே கேட்ட குரலுக்குச் செவிசாய்த்தது என்று அவர் விடயத்தில் விளங்கிக்கொள்கின்ற நாம், அதே குரல் வேறு திசையிலிருந்து கேட்டதாக ஒருவர் சொன்னால் மட்டும் ஏன் பற்றுச்சீட்டுக் கேட்கின்றோம்?

அரசும் பற்றுச்சீட்டுக் கேட்டது. 2004இல் ஜாதிக ஹெல உறுமய கொண்டுவந்த மதமாற்றத் தடைச் சட்டமூலம், மதம் மாறியவர் அதனைப் பிரதேச செயலாளருக்கு அறிவிக்க வேண்டும் என்றது. பிறப்பு, இறப்பு, காணி உறுதி ஆகியவற்றோடு மனச்சாட்சியையும் கச்சேரிக் கோப்பில் இடுகின்ற ஏற்பாடு! அத்தகைய வாசகங்கள் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரைக்கு முரணானவை என்று உயர் நீதிமன்றம் அந்த ஆண்டிலேயே தீர்மானித்தது. தாம் விரும்பும் மதத்தை மேற்கொள்ளும் சுதந்திரத்தை அந்த உறுப்புரை வெளிப்படையாகவே தருகின்றது. தமிழ்நாட்டில் ஜெயலலிதா 2002இல் கொண்டுவந்த இத்தகைய சட்டம், தேர்தலில் அடிவிழுந்ததும் 2004இல் கைவிடப்பட்டது. இங்கு 2016இல் சிவசேனை என்ற பெயரில் தமிழர் மத்தியிலேயே அதே குரல் எழுந்தது. சிங்கள பௌத்தப் பேரினவாதத்திடம் அடிவாங்கிய சமூகம் அதனிடமிருந்தே சுலோகத்தைக் கடன் வாங்குவதை என்னவென்று சொல்வது?

அழைப்பின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று அறிய வேண்டுமானால் 1990ஆம் ஆண்டைப் புரட்டிப் பாருங்கள். அந்த ஆண்டு ஜூனில் போர் மீண்டும் மூண்டது. ஜூலையில், கல்முனைக்கு மேற்கே வயல்களுக்கு நடுவிலுள்ள சொறிக்கல்முனைப் பங்கின் குரு அருட்தந்தை செல்வராஜா காணாமற்போனார். ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற எங்கள் உறவுகளை விடுதலைப் புலிகள் சுட்டுத் தள்ளினர். ஆகஸ்ட் 11ஆம் திகதி இரவு ஏறாவூர். அங்கும் நூற்றுக்கு மேற்பட்டோர். 12ஆம் திகதி வீரமுனையில் தமிழ் அகதிகள் கொல்லப்பட்டனர். தமிழன் முஸ்லிம் ஊரைக் கடக்க அஞ்சினான். முஸ்லிம் தமிழ் ஊரைக் கடக்க அஞ்சினான். அந்த வாரத்தில், ஆகஸ்ட் 15ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பை நோக்கி ஒரு ஸ்கூட்டர் புறப்பட்டது. ஓட்டியவர் அருட்தந்தை யூஜின் ஹேபர். அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்த இயேசு சபைத் துறவி. அறுபது வயதைக் கடந்தவர். உடன் சென்றவர் ஒரு தமிழ் இளைஞர். இருவரும் மட்டக்களப்பை அடையவில்லை. உடல்கள்கூட இன்றுவரை கிடைக்கவில்லை.

ஹேபர் யார்? நாற்பதுகளின் பிற்பகுதியில் இங்கு வந்து, திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் பிள்ளைகளுக்குப் பாடத்தோடு கூடைப்பந்தாட்டமும் கற்றுக்கொடுத்தவர். பிற்காலத்தில் மட்டக்களப்பின் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவகத்தை நடத்தினார். தச்சு, ஒட்டுவேலை, இயந்திரம் திருத்தல் ஆகியவையே அங்கு பாடம். தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே பட்டறையில் அரத்தைப் பிடித்தார்கள். ஒட்டுவேலை படிப்பதற்கு யாரும் ஞானஸ்நானம் பெறத் தேவையிருக்கவில்லை. போர் வெடித்தபோது அவரிடம் அமெரிக்கக் கடவுச்சீட்டு இருந்தது. வீசாவுக்காகத்தான் கிறிஸ்தவராகிறார்கள் என்று சொல்கின்ற நண்பர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும். வீசா கையிலேயே இருந்த மனிதர், பெரிய விமானமேறிப் போகாமல் சிறிய ஸ்கூட்டரில் ஏறி ஏறாவூர் வீதியால் போனார். அவருடைய சக துறவி ஹரி மில்லர் 1948இல் வந்தவர். மட்டக்களப்பில் காணாமற்போனவர்களின் தாய்மார் கொண்டுவந்த முறைப்பாடுகளைப் பொறுமையோடு பதிந்து, படை முகாம்களின் வாசலில் நின்று, ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் இம்மண்ணிலேயே வாழ்ந்து, 2019ஆம் ஆண்டு பிறந்த அன்றே காலமானார்.

துறவியர் மட்டுந்தானா? எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கின்றார். பத்திரிகையில் என்னோடு ஒப்புநோக்காளராக வேலை பார்த்தவர். பாண்டிருப்பில் தீமிதிக்கும் குடும்பத்துப் பிள்ளை. எழுத்துப் பிழையை மோப்பம் பிடிக்கும் மூக்கு அவருக்கு. ஒருநாள் இராச் சேவை முடிந்து தேநீர் குடிக்கும்போது, வேலையை விட்டுப் பிலிமத்தலாவை இறையியல் கல்லூரிக்குப் போகப்போவதாகச் சொன்னார். "தம்பி, வீட்டில் சொல்லிவிட்டீரா?" என்று கேட்டேன். "அம்மா மூன்று நாளாகச் சாப்பிடவில்லை காக்கா," என்றார். "அப்படியானால் ஏன்?" "பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகு கேட்காத மாதிரி இருக்க ஏலுமா காக்கா?" அவ்வளவுதான். ஒளி கண்டேன், கனவு கண்டேன் என்ற கதைகள் எதுவும் இல்லை. படிப்பு, பயிற்சி, சோதனைக் காலம் என்று ஆண்டுகள் ஓடின. இறுதியில் கிடைத்த சம்பளம் ஒப்புநோக்காளரின் சம்பளத்திலும் குறைவு. காணியில் அவருக்குரிய பங்கைத் தமையன்மார் கொடுக்கவில்லை. தாயின் மரணச் சடங்கில் அவர் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார். "எவ்வளவு கொடுத்தார்களாம்?" என்று கேட்போருக்கு இதுவே கணக்கு, கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

இதனால் அழைப்பு என்று சொல்பவரெல்லாம் அழைக்கப்பட்டவர் என்று நான் சாதிக்கவில்லை. மூன்று மாதச் சான்றிதழோடு தம்மைத் தாமே ஆயராக்கிக்கொண்டு, பதாகையில் தம் படத்தைக் கர்த்தரின் பெயரிலும் பெரிதாகப் போட்டு, விதவையின் கையிலிருந்து தசமபாகம் பிடுங்குகிறவர்களை நானும் அறிவேன். புற்றுநோயாளியின் மருந்தை நிறுத்தச் சொன்ன புண்ணியவானையும் அறிவேன். உள்ளே நோக்கிப் பேசத் திருச்சபைகள் தயங்குகின்றன; வெளியே எதிரி நிற்கிறான் என்பதற்காகத் தம் வீட்டுக் குப்பையைப் பாய்க்கடியில் தள்ளுகின்றன. அந்த மௌனமே பால்மாக் கதைக்கு எண்ணெய் வார்க்கின்றது. போலி மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக நோயே பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் போலியைக் காட்டிக்கொடுக்காத நல்ல மருத்துவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

இனி என் சொந்தச் சமூகத்திடம் வருகின்றேன். 'தஃவா' என்ற சொல்லின் பொருளே அழைப்பு என்பது நம் மத்ரஸாச் சிறுவனுக்கும் தெரியும். தப்லீக் ஜமாஅத்தார் பாயைச் சுருட்டிக்கொண்டு ஊரூராகப் போவதை நாம் பெருமையோடு வழியனுப்புகின்றோம். வேற்று மதத்தவர் ஒருவர் கலிமாச் சொன்னால் தக்பீர் முழங்குகின்றோம். அவர் ஹிதாயத் பெற்றார் என்கின்றோம். எவ்வளவு பெற்றார் என்று கேட்பதில்லை. அழைக்கும் உரிமை நமக்கு உண்டென்றால், மற்றவருடைய அழைப்பைக் கேட்கும் செவியும் மனிதனுக்கு உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டாமா?

ஒப்புக்கொள்ளாததன் விலையைக் கண்டுவிட்டோம். காத்தான்குடியில் 2004இல் சூஃபிக் கருத்துடையோரின் வீடுகள் எரிந்தபோது, அது மார்க்கப் பிரச்சினை என்று ஒதுங்கினோம். 2017 மார்ச்சில் ஸஹ்ரானின் கூட்டம் அதே சூஃபிகள் மீது வாளெடுத்தபோதும், ஊர்ச் சண்டை என்றோம். தன் தெருவில் வேறு விதமாக அல்லாஹ்வை நினைத்தவனைப் பொறுக்காதவன், 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துக்குத் தன் ஆளை அனுப்பினான். ஞாயிறு பாடசாலை முடித்த குழந்தைகள் முற்றத்தில் நின்றிருந்தார்கள். பையோடு வந்தவனைச் சந்தேகித்து உள்ளே விடாமல் மறித்து நின்ற ஒரு சாதாரண மனிதர், இரு பிள்ளைகளின் தந்தை, அவ்விடத்திலேயே மாண்டார். முப்பதுக்கு மேற்பட்டோர் அங்கு இறந்தனர், பலர் சிறுவர்கள். ஐந்து நாட்களின் பின், எங்கள் சாய்ந்தமருதில் பதுங்கியிருந்த ஸஹ்ரானின் தந்தையும் சகோதரர்களும் தங்களைத் தாங்களே வெடிக்கவைத்தபோது, அந்த வீட்டில் கிடந்த பதினைந்து சடலங்களில் ஆறு குழந்தைகளுடையவை. அவர்களைக் காட்டிக்கொடுத்தது ஊர் முஸ்லிம்களே என்பது எங்களுக்குள்ள ஒரே ஆறுதல்.

இதையெல்லாம் அண்மையில் ஒரு கூட்டத்தில் சொன்னபோது, பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞர் எழுந்தார். "ஊருக்கு நன்றாகச் சொல்கிறீர்கள் சேர். உங்கள் மகள் நாளை வந்து, வாப்பா நான் ஈஸா நபியைத் தேவகுமாரன் என்று நம்புகிறேன் என்று சொன்னால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். மண்டபம் அமைதியானது. நேர்மையான கேள்வி. நான் சொன்ன விடையை இங்கும் எழுதுகின்றேன். அழுவேன். என் கிதாபுகளை எடுத்துவைத்து விடியும்வரை அவளோடு வாதாடுவேன். அவளுக்காகத் தஹஜ்ஜுத்தில் எழுந்து துஆக் கேட்பேன். பக்கத்து வீட்டார் வந்து எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டால், அவர்களை வாசலோடு அனுப்பிவிடுவேன். இரவில் அவளுடைய சோற்றுக் கோப்பை வழமையான இடத்திலேயே இருக்கும்.