கரடிக்குப் பாட்டுப் போட்டவர்

தேர்வுக்குப் படிக்கவேண்டிய ஓர் இரவில், 1969ல் சோவியத் ஒன்றியத்தில் எடுக்கப்பட்ட ‘வின்னி தி பூ’ கார்ட்டூனை இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். டிஸ்னியின் மஞ்சள் கரடியை நினைத்துவிடாதீர்கள். இது பழுப்புக் கரடி. குலுங்கிக் குலுங்கி நடந்தபடி தனக்குத்தானே முணுமுணுத்துப் பாடும். ரஷ்ய மொழி ஒரு சொல்கூடத் தெரியாத எனக்கு அந்த மெட்டு ஒரு வாரம் மண்டைக்குள்ளேயே ஓடியது.

இசையமைத்தவர் பெயர் மெச்சிஸ்லாவ் வைன்பெர்க். சில வாரம் கழித்து, 1958ல் கான் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருதை வென்ற ‘தி கிரேன்ஸ் ஆர் ஃபிளையிங்’ படத்தைப் பார்த்தேன். போர்முனையில் குண்டடிபட்டு விழும் இளைஞனின் கண்முன் மரங்கள் சுழல்கின்றன. நடக்காமலே போகும் தன் திருமணத்தை அவன் காண்கிறான். அந்தப் படத்துக்கும் இசை அதே வைன்பெர்க்! கரடிப் பாட்டுக்காரரா இவர் என்று திகைத்துப் போனேன்.

1919ல் வார்சாவில் பிறந்த யூதர் அவர். 1939ல் ஜெர்மானியப் படை நுழைந்தபோது சோவியத் பகுதிக்குத் தப்பி ஓடினார். அங்கேயே தங்கிவிட்ட பெற்றோரும் தங்கையும் நாஜிகளால் கொல்லப்பட்டனர். தஞ்சம் தந்த நாடும் அவரை நிம்மதியாக விடவில்லை. 1953 பிப்ரவரியில் கைதுசெய்தது. அவருக்காக இசைமேதை ஷோஸ்தகோவிச் துணிந்து மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். மார்ச்சில் ஸ்டாலின் இறந்தார். அடுத்த மாதம் வைன்பெர்க் விடுதலையானார்.

அப்படிச் சிறையில் அடைத்த நாட்டின் பிள்ளைகள்தான் பிறகு அவர் மெட்டைப் பாடி வளர்ந்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும்? படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது நாமும் அடுத்ததற்குத் தாவிவிடுகிறோமே. நானும்தான்.

ஆஷ்விட்ஸ் வதைமுகாமைப் பற்றி அவர் எழுதிய ‘தி பாசஞ்சர்’ இசைநாடகம் 1968ல் முடிந்தது. அது முதன்முதலாக மாஸ்கோவில் இசைக்கப்பட்டது 2006ல். முழு நாடகமாக மேடையேறியது 2010ல், ஆஸ்திரியாவில். அவர் 1996லேயே இறந்துவிட்டார்.

இன்று அவருடைய சிம்ஃபொனிகளை உலகம் தேடிக் கேட்கிறது. மகிழ்ச்சி. ஆனால், திரையிசை அவருக்கு வயிற்றுப்பாட்டு வேலை மட்டுமே என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. வயிற்றுப்பாட்டுக்குத்தான், மறுக்கவில்லை. சர்க்கஸுக்குக்கூட இசையமைத்தார். ஆனால் அந்தக் கரடிப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள்: ஏனோதானோவென்று செய்த வேலையாகவா தெரிகிறது? இந்த வாசல் திறந்திராவிட்டால் என்னைப் போன்றவர்கள் அவருடைய 22 சிம்ஃபொனிகள் பக்கம் போயிருக்கவே மாட்டோம்.

நான்கு நரம்பிசைக் கருவிகளுக்காக அவர் எழுதிய குவார்டெட்டுகள் மட்டும் 17. இதுவரை மூன்றைக் கேட்டிருக்கிறேன். இரண்டு பிடித்தது; ஒன்று இன்னும் புரியவில்லை.