தரங்கம்பாடி ரயில்: யாருக்கு நஷ்டம்?

தரங்கம்பாடி என்றதும் டேனிஷ் கோட்டை, சீகன்பால்கு, பக்கத்துத் தில்லையாடியின் வள்ளியம்மை என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறோம். அந்த ஊரில் 60 ஆண்டுகள் ரயில் ஓடியதைச் சொல்பவர்கள் குறைவு. அந்த ரயிலில் யார் ஏறினார்கள் என்று கேட்பவர்கள் அதைவிடக் குறைவு.

மாயவரத்திலிருந்து செம்பனார்கோயில், திருக்கடையூர், பொறையாறு வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதை 1926-இல் திறக்கப்பட்டது. 1986-இல் மூடப்பட்டது. வருமானம் போதவில்லை என்றார்கள். பின்னர் தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள்.

தோழர்களே, பாதை திறந்த காலத்தில் தஞ்சை மாவட்டத்துச் சேரி மக்களில் பெரும்பகுதி பண்ணையாட்கள். மிராசுதாரைக் கேட்காமல் ஊரைவிட்டு நகர முடியாதவர்கள். சாணிப்பாலும் சவுக்கடியும் நடப்பில் இருந்த மண் அது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வரவே 1952 ஆனது. அப்படிப்பட்ட இடத்தில் காசு கொடுத்தால் யாருக்கும் டிக்கெட் என்பது சின்ன விஷயமா? பண்ணைக்கு வெளியே ஒரு வேலை, ஒரு பள்ளிக்கூடம், ஒரு சங்கக் கூட்டம் இருக்கிறது என்பதற்கு அந்தப் பாதையே சாட்சி.

இதற்காக ரயில்வேயைச் சமத்துவபுரமாக்கிவிட வேண்டாம். தென்னிந்திய ரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்களுக்குத் தனியிடம் இருந்தது. பெரியாரும் சுயமரியாதை இயக்கமும் விடாமல் எதிர்த்துத்தான் 1941-இல் அது ஒழிந்தது. மராட்டியத்திலும் இதே கதைதான். 1901-இல் அப்பாவைப் பார்க்கக் கிளம்பிய சிறுவன் அம்பேத்கரை மசூர் நிலையம்வரை ரயில் கொண்டுவந்து விட்டது. மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டர் முகம் மாறியது. வெளியே நின்ற வண்டிக்காரர்களோ, வாடகை போனாலும் போகட்டும், ஏற்ற மாட்டோம் என்றார்கள். ரயில் முடிகிற இடத்தில் சாதி வண்டி பூட்டி நிற்கிறது. ரயிலையே எடுத்துவிட்டால் மிச்சம் எது?

இப்போது அந்த 'நஷ்டம்' என்ற கணக்குக்கு வருவோம். டிக்கெட் விற்ற காசை எண்ணினார்கள். நிலமில்லாத ஒருவர் மாயவரம் போய்க் கூடுதல் கூலி வாங்கியதை எந்தப் பேரேட்டில் எழுதினார்கள்? கேங்மேன், கேட்கீப்பர், போர்ட்டர் வேலைகள் போனதை? நிலவுடைமையாளர் கையால் வராத சம்பளம் என்பது நம் குடும்பங்களுக்கு என்ன என்று பொருளாதாரப் பாடத்தில் வராது. கார் உள்ளவருக்குப் பாதை மூடியது ஒரு செய்தி. கூலிக்காரருக்கு அது மாதச் செலவு.

திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி பாதையும் மூடிக் கிடந்ததுதான். 2023-இல் அகலப்பாதையாகத் திரும்ப வந்தது. எனவே தரங்கம்பாடிக்கு முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. ஆனால் மீட்கச் சொல்லும் குரல்கள் கோட்டை பார்க்க வருகிற சுற்றுலாப் பயணிகளையும் திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணம் செய்ய வருகிறவர்களையும் மட்டுமே காட்டினால், வண்டி வந்தாலும் நம் ஊர்களில் நிற்காமல் போகலாம். கோரிக்கை மனுவில் சேரிகளின் பெயர்கள் இருக்க வேண்டும்.

அந்த ரயிலில் போனவர்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். 1986-இல் இருபது வயதுக்காரருக்கு இன்று அறுபது ஆகிறது. பொறையாறு, மன்னம்பந்தல் கல்லூரி மாணவர்களே, செல்போனை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். எங்கே போனீர்கள், எந்த வேலைக்கு, பெட்டியில் உட்கார விட்டார்களா, தண்ணீர் கேட்டால் எப்படிக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். பாதையை மூடிய உத்தரவின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு மனு எழுதுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.